விரிசல் விட்ட பூவாளி: ஒட்டுவதா, உருக்குவதா, தைப்பதா?

கைதவறிக் கல் தரையில் விழுந்த பூவாளியின் அடியோரத்தில் ஒரு விரல் நீளத்துக்கு விரிசல். தண்ணீர் பிடித்துச் செடியிடம் போய்ச் சேருவதற்குள் பாதி என் காலுக்குத்தான் பாய்ந்தது. வீட்டில் சூப்பர் குளூ இருந்தது. தடவிக் காயவிட்டு, தண்ணீர் பிடித்துத் தூக்கினேன். பசை மீன் செதில் மாதிரி உரிந்து வந்தது. சரி, இன்னும் வலுவான சரக்காகப் பார்ப்போம் என்று, இரண்டு டியூப்களைக் கலந்து பூசும் எபாக்ஸியை எடுத்தேன். ஒரு நாள் முழுக்கக் காய்ந்து கல்லாக இறுகியது. நான்காம் நாள் அந்தக் கல் ஒரே துண்டாகப் பெயர்ந்து கையோடு வந்தது. பசையும் உடையவில்லை, பிளாஸ்டிக்கும் உடையவில்லை. இரண்டுக்கும் ஒட்டுறவே இல்லை, அவ்வளவுதான்.

எந்தப் பசை நல்ல பசை என்றுதான் நாம் எல்லோரும் ஆரம்பிக்கிறோம். தோட்டச் சாமான்களைப் பொறுத்தவரை அது கடைசியில் வர வேண்டிய கேள்வி. என்ன பிளாஸ்டிக்? அடிபட்டு உடைந்ததா, வெயிலில் இற்றுப்போனதா? அது தாங்க வேண்டியது மண்ணையா, தண்ணீரையா, அழுத்தத்தையா? இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்துவிட்டால், ஒட்டலாமா, உருக்கிச் சேர்க்கலாமா, தைக்கலாமா, தூக்கிப் போடலாமா என்பது கிட்டத்தட்டத் தானாகவே முடிவாகிவிடும்.

அடியில் இருக்கும் எண்

சாமானைக் கவிழ்த்துப் பாருங்கள். அடியில் ஒரு சிறிய முக்கோணமும் அதற்குள் ஓர் எண்ணும் இருக்கலாம். 1988-இல் அமெரிக்க பிளாஸ்டிக் தொழில் சங்கம் மறுசுழற்சிக்குத் தரம் பிரிக்கக் கொண்டுவந்த அடையாளம் அது. நமக்கு அது பழுதுபார்க்கும் சீட்டு. 2 என்றால் அடர்த்தி மிகுந்த பாலிஎதிலீன்: பூவாளி, வாளி, மருந்துக் கேன். 4 அடர்த்தி குறைந்த பாலிஎதிலீன். 5 பாலிப்ரொப்பிலீன், செடித் தொட்டிகளில் நிறைய இதுதான். 3 பிவிசி, அதாவது குழாய்களும் பல தண்ணீர் ஹோஸ்களும். 6 பாலிஸ்டைரீன், நாற்றுத் தட்டுகள் சில இதில் வரும். 7 என்பது 'மற்றவை' என்ற மூட்டை. ஏபிஎஸ், பாலிகார்பனேட், நைலான் எல்லாம் அதற்குள் அடக்கம்.

எண் இல்லையா? உடைந்த ஓரத்திலிருந்து நகக்கண் அளவு சீவி எடுத்து, ஒரு சொட்டுப் பாத்திர சோப்பு கலந்த தண்ணீரில் அமுக்கி விடுங்கள். சோப்பு எதற்கென்றால், காற்றுக்குமிழி ஒட்டிக்கொண்டு பொய்யாக மிதக்காமல் இருக்க. பாலிஎதிலீனும் பாலிப்ரொப்பிலீனும் தண்ணீரைவிட இலேசானவை, மேலே வந்துவிடும். பிவிசி, ஏபிஎஸ், பாலிஸ்டைரீன், பாலிகார்பனேட் எல்லாம் மூழ்கும். பத்து வினாடிச் சோதனை. இதைச் செய்யாமல் நான் வீணாக்கியது இரண்டு வகைப் பசை.

ஏன் இது இவ்வளவு முக்கியம்? பசை பிடிக்க வேண்டுமானால் முதலில் பரப்பின் மேல் பரவி நனைக்க வேண்டும். பூவாளியின் வெளிப்பக்கம் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். தாமரை இலையில் விழுந்ததுபோல உருண்டு நிற்கும். பாலிஎதிலீன், பாலிப்ரொப்பிலீன் இரண்டின் பரப்பும் எதையும் அண்டவிடாத வகை. தண்ணீர் உருண்டு நிற்கும் இடத்தில் பெரும்பாலான பசைகளும் அப்படித்தான் மேலோட்டமாக உட்கார்ந்திருக்கும். சூப்பர் குளூவை அடைத்து விற்கும் குப்பிகளே பெரும்பாலும் பாலிஎதிலீன்தான் என்று தெரிந்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது.

ஆகவே மிதக்கும் கூட்டத்துக்கு உருக்குவதோ தைப்பதோ. மூழ்கும் கூட்டத்துக்குப் பெரும்பாலும் பசை. முதல் பிரிவினை இதுதான். தோட்டத்தில் இருப்பதில் பெரும்பகுதி மிதக்கும் கூட்டம் என்பதுதான் நம் தலைவலி.

அடிபட்டதா, இற்றுப்போனதா

இரண்டாவது கேள்வியைத் தாண்டாமல் எந்த வேலையும் தொடங்காதீர்கள். வெயிலின் புற ஊதாக் கதிர் பிளாஸ்டிக்கின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளை, காற்றிலுள்ள ஆக்சிஜனின் துணையோடு, கொஞ்சம் கொஞ்சமாக வெட்டிக்கொண்டே இருக்கும். நிறம் வெளுக்கும், துடைத்தால் சுண்ணாம்புப் பொடி மாதிரி விரலில் ஒட்டும், வளைத்தால் வளையாமல் படக்கென்று உடையும். விரிசலுக்குப் பக்கத்திலேயே விளிம்பைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். வளைந்து திரும்பினால் அது அடிபட்ட சாமான், காப்பாற்றலாம். புதிதாக ஒரு விரிசல் ஓடினால் அதோடு விட்டுவிடுங்கள். இற்றுப்போன துணியில் ஒட்டுப் போட்டால் ஒட்டு நிற்கும், அதன் ஓரத்தில் துணி கிழியும். பிளாஸ்டிக்கிலும் அதே கதைதான். இதற்குப் பசையும் மருந்தில்லை, சூடும் மருந்தில்லை.

கறுப்புத் தொட்டிகள் வெயிலில் கூடுதல் காலம் தாக்குப்பிடிப்பதைக் கவனித்திருப்பீர்கள். அவற்றில் கலந்திருக்கும் கார்பன் கரி புற ஊதாக் கதிரை விழுங்கிக்கொள்கிறது. தண்ணீர்க் குழாய்களுக்கான கறுப்புப் பாலிஎதிலீனில் ஏறக்குறைய 2 சதவீதம் கரி சேர்ப்பது வழக்கம். அந்தக் கொஞ்சமே போதும்.

பசைக்கு உரிய இடம்

பசையை நான் ஒரேயடியாக ஒதுக்கிவிடவில்லை. பிவிசி குழாய் இணைப்பு விட்டுப்போனால், அதற்கென்றே விற்கும் பிவிசி கரைப்பான் பசைக்கு ஈடாக வேறொன்றும் இல்லை. அது வெறுமனே ஒட்டுவதில்லை. இரண்டு பரப்புகளையும் கரைத்து இளக்கி, கரைப்பான் ஆவியானதும் இரண்டும் ஒரே துண்டாகிவிடுகின்றன. ஏபிஎஸ், பாலிஸ்டைரீன் இரண்டுக்கும் அசிட்டோன் இதே வேலையைச் செய்யும். ஏபிஎஸ் துணுக்குகளைக் கொஞ்சம் அசிட்டோனில் ஊறவைத்தால் கூழாகும். அந்தக் கூழே பசை, அதுவே நிரப்பும் பொருளும். பாலிகார்பனேட் தகட்டின் பக்கம் மட்டும் அசிட்டோனைக் கொண்டுபோக வேண்டாம், மேனி முழுக்க நுண்விரிசல் விடும். பூவாளி, வாளி வகையறாக்களை அசிட்டோன் ஒன்றுமே செய்யாது. துடைத்த இடம் சுத்தமாகும், அவ்வளவுதான்.

மிதக்கும் பிளாஸ்டிக்கையும் பசையால் பிடிக்க வழிகள் உண்டு. சூப்பர் குளூவுக்கு முன் தடவும் தனிப் பிரைமருடன் சேர்த்து விற்கும் ஜோடி ஒன்று. பாலிஎதிலீனுக்கென்றே செய்த இரண்டு கூறு அக்ரிலிக் பசை இன்னொன்று. முதலாவது, சிறிய பிடி, மூடி போன்ற அசையாத துண்டுகளுக்குப் பரவாயில்லை. வளைந்து கொடுக்கும் சுவருக்கு ஆகாது. ஏனென்றால் சூப்பர் குளூ காய்ந்தபின் விறைத்துவிடும். தண்ணீர் நிரம்பும்போது சுவர் உப்ப, பசை உப்ப மறுக்க, பிணக்குத்தான். இரண்டாவது நன்றாகவே பிடிக்கும், ஆனால் ஒரு பூவாளிக்காக வாங்கினால் பசையின் விலை பூவாளியின் விலையைத் தாண்டக்கூடும்.

மூன்றாவதாக, தீ நாக்கை ஓட்டும் வித்தை. சின்ன கேஸ் டார்ச்சின் நீலத் தீயை, உருகும் அளவுக்கு நிறுத்தாமல், பரப்பின் மேல் சட்டென்று ஓட்டி எடுத்தால் மேல்தோல் லேசாக ஆக்சிஜனேற்றம் அடைந்து பசைக்கு இடம் கொடுக்கும். தண்ணீர்ச் சொட்டு உருளாமல் பரவினால் வேலை நடந்திருக்கிறது என்று பொருள். உடனே எபாக்ஸி பூசிவிட வேண்டும். தொழிற்சாலைகளில் அச்சிடுவதற்கு முன் செய்வதுதான் இது. கை பழகாதவர்கள் முதல் தடவை சுவரை உருக்கிக் கோணலாக்கிவிடுவார்கள். நானும் அந்தப் பட்டியலில் உண்டு.

சூடான பசைத் துப்பாக்கி எல்லோர் வீட்டிலும் இருக்கிறது, அதனால் சொல்கிறேன்: வெயிலில் கிடக்கும் சாமானுக்கு வேண்டாம். சூட்டில் இளகும் பசை, வெயிலின் சூட்டிலும் தளர்ந்துபோகும்.

உருக்கிச் சேர்ப்பது

தண்ணீர் தாங்க வேண்டிய பாலிஎதிலீன், பாலிப்ரொப்பிலீன் சாமானுக்கு என் ஓட்டு இதற்குத்தான். பசை என்ற மூன்றாம் ஆள் இல்லாமல், பிளாஸ்டிக்கையே பிளாஸ்டிக்கோடு கலக்க வைப்பது. பாலிஎதிலீன் 130 டிகிரி செல்சியஸ் அருகில் உருகும், பாலிப்ரொப்பிலீன் 160-ஐத் தாண்டி. ஒரு சாதாரண சால்டரிங் அயர்ன் போதும், ஆனால் வெப்பத்தைக் குறைக்கும் வசதி இருப்பது நல்லது. மின்பலகைக்கு ஈயம் வைக்கும் சூட்டில் வைத்தால் பிளாஸ்டிக் உருகாமல் கருகும்; கருகியது ஒட்டாது.

சேர்மானத்துக்கு ஒரு பட்டை வேண்டும், அதுவும் அதே பிளாஸ்டிக்கில். இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். கையருகே கிடக்கிறதே என்று கேபிள் டையை உருக்கி ஊற்றுவார்கள். கேபிள் டை நைலான். பாலிஎதிலீனோடு அது கலக்காது, மேலே ஆறிக் கிடக்கும். பாலிஎதிலீனும் பாலிப்ரொப்பிலீனும்கூடப் பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் தங்களுக்குள் நன்றாகச் சேருவதில்லை. ஆகவே 2-க்கு 2, 5-க்கு 5. அதே எண் உள்ள உடைந்த வாளியின் விளிம்பையோ மூடியையோ நீளவாக்கில் சீவிக்கொள்ளுங்கள். சந்தேகம் இருந்தால், சாமானின் மறைவான இடத்தில் ஒரு சொட்டு உருக்கி வைத்து, ஆறியபின் பிடுங்கிப் பாருங்கள். சுத்தமாகப் பிரிந்தால் வேறு சாதி. பிடுங்கும்போது சுவரையும் கிழித்துக்கொண்டு வந்தால் பொருத்தம் சரி.

விரிசலின் இரண்டு முனைகளிலும் மூன்று மில்லிமீட்டர் அளவில் ஒரு துளை போடுவதுதான் முதல் வேலை. கூர்மையான முனையில்தான் இழுவிசை எல்லாம் குவிகிறது; அதை வட்டமாக்கிவிட்டால் விரிசல் மேற்கொண்டு ஓடாது. சேர்ப்பு எவ்வளவு நன்றாக இருந்தாலும் இந்தத் துளை இல்லையென்றால் அதற்கு அப்பால் விரிசல் வளரும். பிறகு சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாக உலர்த்தி, விரிசலின் மேல் சுவரின் பாதிக் கனத்துக்கு ஒரு பள்ளம் கீறுங்கள். மேல்தோலையும் உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள். வெயில் தின்ற அந்த மெல்லிய படலம் உருகினாலும் சேராது.

அயர்னின் முனையால் விரிசலின் இரண்டு கரைகளையும் இடைவிட்டு இடைவிட்டுத் தொட்டு நிறுத்திக்கொண்டு, பட்டையையும் பள்ளத்தையும் ஒரே நேரத்தில் இளக்கி அழுத்திக்கொண்டே போக வேண்டும். பட்டை மட்டும் உருகி, பள்ளம் குளிர்ந்திருந்தால் அது மெழுகு சொட்டிய கதை. இரண்டும் பளபளவென்று ஈரமாகத் தெரிய வேண்டும், அதுதான் அடையாளம். ஒரு பக்கம் முடிந்ததும் உள்பக்கமும் செய்தால் வலு கூடும். கனமான வாளி, தள்ளுவண்டித் தொட்டி போன்றவற்றில் மெல்லிய துருப்பிடிக்காத எஃகு வலையைச் சூடாக்கி உள்ளே புதைத்து, அதன்மேல் பட்டையை உருக்கி மூடலாம். அவசரப்பட்டுத் தண்ணீரில் முக்கி ஆறவைக்காதீர்கள், கோணிக்கொள்ளும்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். அழகு கிடையாது, என் பூவாளியின் அடியில் இப்போது ஒரு மரவட்டை ஊர்கிறது. ஒரு மில்லிமீட்டருக்கும் மெலிந்த நாற்றுத் தொட்டிகளில் முயன்றால் விரிசல் போய் ஓட்டை வரும். முதல் தடவை முக்கால் மணி நேரமாவது ஆகும். புகை வரும், ஆகவே வெளியில் அல்லது ஜன்னலோரத்தில் உட்கார்ந்து செய்யுங்கள். பிவிசியை மட்டும் இப்படிச் சூடாக்கவே கூடாது. சூட்டில் அது ஹைட்ரஜன் குளோரைடு என்ற அரிக்கும் வாயுவை விடும். பூச்சிமருந்து இருந்த கேனையும், பெட்ரோல் இருந்த கேனையும், எத்தனை தடவை கழுவியிருந்தாலும், சூட்டுப் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

தைப்பதும் தட்டு வைப்பதும்

செடித் தொட்டிக்கு இத்தனை பாடு தேவையில்லை. அது ஏற்கெனவே அடியில் ஓட்டை வைத்தே செய்யப்பட்டது! பக்கவாட்டில் கசிந்தால் என்ன குடிமுழுகிவிடப் போகிறது? அதற்கு வேண்டியது மண்ணின் கனத்தில் விரியாமல் பிடித்துக்கொள்ளும் பலம் மட்டுமே. விரிசலின் இரண்டு பக்கமும், கரையிலிருந்து ஒரு சென்டிமீட்டர் தள்ளி, இரண்டு மூன்று சென்டிமீட்டருக்கு ஒரு ஜோடித் துளை; ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு கேபிள் டை அல்லது முறுக்கிய கம்பி. முடிந்தது. முனைத் துளை இங்கேயும் உண்டு, மறக்க வேண்டாம். டை வாங்கினால் கறுப்பு நிறத்தில் வாங்குங்கள். வெள்ளை டை வெயிலில் சீக்கிரம் முறியும். டிரில் பிட் அழுந்தினால் பழைய பிளாஸ்டிக் பிளந்துகொள்ளும். பின்னால் ஒரு மரத்துண்டை முட்டுக்கொடுத்துப் போடலாம், இல்லையென்றால் சூடாக்கிய ஆணியை இடுக்கியால் பிடித்துத் துளைக்கலாம். ஆணி போட்ட துளையின் ஓரம் உருண்டு தடித்திருக்கும், அது கூடுதல் லாபம்.

உருக்குவதோடு ஒப்பிட்டால் தையலுக்கு ஒரு பெரிய சௌகரியம்: என்ன பிளாஸ்டிக் என்று தெரிய வேண்டியதே இல்லை. எல்லாவற்றையும் ஒரே மாதிரி பிடிக்கும். தண்ணீரை மட்டும் பிடிக்காது.

தள்ளுவண்டித் தொட்டியில் கல்லும் மண்ணும் வந்து விழுவதால் தையல் அறுந்துபோகும். அங்கே உள்ளும் வெளியும் ஒவ்வொரு தகட்டை வைத்து, போல்ட்டும் அகலமான வாஷரும் போட்டு முறுக்குவதுதான் சரி. பழைய கேனின் சுவரை வெட்டினாலே நல்ல தகடு கிடைக்கும். போல்ட்டின் தட்டையான தலை உள்பக்கம் இருக்கட்டும், இல்லாவிட்டால் மண்வெட்டி ஒவ்வொரு தடவையும் இடறும். வாஷர் இல்லாமல் முறுக்கினால் போல்ட் பிளாஸ்டிக்கைத் தின்றுகொண்டே போகும்.

டேப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. தன்மேல் தானே ஒட்டிக்கொள்ளும் சிலிகான் டேப்பை இழுத்துச் சுற்றினால் உருண்டையான கைப்பிடி, குழாய் போன்றவற்றுக்கு நன்றாக உழைக்கும். தட்டையான சுவரில் சுற்ற வழியில்லாததால் அங்கே பயனில்லை. பிசுபிசுப்பான ரப்பர் வகையான பியூட்டைல் டேப் பாலிஎதிலீனிலும் ஓரளவு பிடிக்கும், தண்ணீர்த் தொட்டியின் சிறு கசிவை அடுத்த வார இறுதி வரை நிறுத்தி வைக்கும். துணி டேப் ஈரத்திலும் வெயிலிலும் பிசுபிசுத்துக் கழன்றுவிடும்.

அழுத்தம் உள்ள இடம்

ஹோஸ் குழாயில் விரிசல் வந்தால் டேப்பும் வேண்டாம், பசையும் வேண்டாம். உள்ளே தண்ணீர் எப்போதும் வெளியே தள்ளிக்கொண்டே இருக்கிறது. ஒட்டின் அடியில் புகுந்து கிளப்பிவிடும். விரிசல் உள்ள பகுதியை இரண்டு பக்கமும் நல்ல இடம் வரைக்கும் நேராக வெட்டி எடுத்துவிட்டு, நடுவில் ஒரு இணைப்பான், இரண்டு கிளாம்ப். குழாய் நுனி விறைப்பாக இருந்தால் வெந்நீரில் ஒரு நிமிஷம் அமுக்கினால் இளகி ஏறிக்கொள்ளும். பத்து நிமிஷ வேலை, புதுக் குழாய் மாதிரி உழைக்கும். ஆனால் வளைக்கிற இடமெல்லாம் வலை வலையாகக் கீறல் தெரிந்தால் குழாயே இற்றுவிட்டது. நாளைக்கு அடுத்த இடம் போகும். அப்போது இணைப்பான் மேல் இணைப்பான் போட்டுக்கொண்டிருப்பது வீண். ஹோஸ் முனையில் மாட்டும் கனெக்டர் உடைந்தால் ஒட்டிப் பார்க்காமல் மாற்றிவிடுங்கள். பல கனெக்டர்கள் நைலான், அசிட்டால் போன்ற வழவழப்பான பிளாஸ்டிக்கில் வருகின்றன. வீட்டுப் பசை அதில் நிலைப்பது கடினம்.

பம்ப் அடித்துத் தெளிக்கும் தெளிப்பானின் தொட்டி விரிசல் விட்டால் என் பதில் ஒன்றுதான்: அதைச் சரிசெய்யக் கூடாது. அடித்து நிறுத்திய காற்று, காற்று மண்டல அழுத்தத்தைப்போல இரண்டு மூன்று மடங்கு தள்ளிக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருக்கிறது. ஒட்டு விட்டால் கசியாது, வெடிக்கும், அதுவும் முகத்துக்கு நேரே, உள்ளே மருந்தோடு. வாஷர், நாசில், ஹோஸ் மூன்றையும் எத்தனை தடவை வேண்டுமானாலும் மாற்றுங்கள். தொட்டிச் சுவரைத் தொடாதீர்கள். மற்ற எல்லாவற்றிலும் சிக்கனம் பார்க்கும் நான் இதில் மட்டும் பார்ப்பதில்லை.

இன்னொரு வழியையும் கணக்கில் சேர்க்க வேண்டும்: சாமானின் வேலையை மாற்றிவிடுவது. அடி விரிந்த வாளிக்குத் தண்ணீர் பிடிக்கும் வேலையிலிருந்து ஓய்வு கொடுத்து மண் நிரப்பினால், விரிசலே வடிகால். விளிம்பு உடைந்த தொட்டியை இன்னொன்றுக்குள் இறக்கி வைத்தால் வெளியே தெரியாது. சால்டரிங் அயர்ன் இல்லாதவர்கள் ஒரு வாளிக்காக அதை வாங்குவதைவிட இது மேல். மூன்று நான்கு சாமான்கள் காத்திருக்கின்றன என்றால் வாங்கலாம்.

என் பூவாளி உருக்கிச் சேர்த்து இரண்டு வருஷம் ஆகிறது. மரவட்டை இன்னும் ஒரு சொட்டு விடவில்லை. ஆனால் போன வாரம் கவனித்தேன், கைப்பிடியின் அடி வெளுத்து, விரலில் பொடி ஒட்டுகிறது. அழுத்திப் பார்த்தேன், மெல்லிய சத்தம் கேட்டது. அயர்னை எடுக்கவில்லை. இப்போதைக்குப் பாதி வரை மட்டும் தண்ணீர் பிடிக்கிறேன். கைப்பிடி கையோடு வரும் நாளில் கழுத்துக்குக் கீழே அறுத்து, அடியில் நாலு துளை போட்டுப் புதினா வைத்துவிடுவதாக உத்தேசம்.